ஷீல்டுக்கு முன்னால் நோட்டு: புதுச்சேரி ஓட்டக் குழு ஒன்றின் பாராட்டு முறை – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் குழு ஒரு மாதிரிக் குழு. புதுச்சேரி பீச் ரோட்டிலும் கடலூர் சில்வர் பீச்சிலும் விடியற்காலையில் ஓடும் குழுக்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது. ஆட்களின் எண்ணிக்கையும் ஓட்ட நேரங்களும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. சாலை, அளக்கும் முறை, விதிகள் ஆகியவை உள்ளபடியே சொல்லப்பட்டிருக்கின்றன.

குழுவும் அதன் விழாவும்

உறுப்பினர்கள் 60 பேர். ஞாயிறு காலை 5.15-க்குக் காந்தி சிலையருகே கூடுவார்கள். பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், ஓட்டம் முடித்து, உடம்பைத் தளர்த்தி, இளநீர் குடிக்கும் வரை சாலை இவர்களுடையதுதான். லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் பக்கத்து ஆட்கள் அதிகம். கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஆசிரியைகள், இரவுப் பணி முடிந்து நேராக வரும் செவிலியர்கள். கடலூரிலிருந்து ஏழெட்டுப் பேர் பைக்கில் வருவார்கள்.

ஜனவரியில் ஆண்டு விழா. வாடகை மண்டபம், ஃப்ளெக்ஸ், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு. பரிசு நான்கு: 10 கிலோமீட்டரில் வேகமானவர், அரை மாரத்தானில் வேகமானவர், அந்த ஆண்டில் அதிக மாரத்தான் ஓடியவர், சிறந்த பெண் ஓட்டக்காரர். முதல் ஆண்டு மண்டபம் நிறைந்தது. நான்கு ஆண்டுகளில் மேடையேறியது மொத்தம் ஐந்து பேர்தான். நான்காம் ஆண்டில் வந்திருந்தவர்கள் 22 பேர். வராதவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. "அன்னைக்கு ஒரு வேலை இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு குழு தன் ஆட்களை இழக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாமல் நடக்கும்.

நிர்வாகிகள் இதைக் கவனித்து ஐந்தாம் பரிசு ஒன்றைச் சேர்த்தார்கள்: ‘அதிக முன்னேற்றம் கண்டவர்’. எண்ணம் நல்லது. சிக்கலும் அங்கேதான் வந்தது.

ஒரு ஷீல்டு, இரண்டு பேர்

பரிசு பெற்றவரின் 10 கிலோமீட்டர் நேரம் 75 நிமிடத்திலிருந்து 66-க்கு இறங்கியிருந்தது. 12 விழுக்காடு முன்னேற்றம். போட்டியில் இருந்த இன்னொருவர் 58-லிருந்து 54-க்கு வந்தவர். அவருடையது 6.9 விழுக்காடு. பார்த்த மாத்திரத்தில் முடிவு சரிதான். விழா முடிந்த இரண்டாம் நாள், இரண்டாமவர் தன் சான்றிதழ்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒரே கேள்வி கேட்டார்: "66 எங்கே ஓடினது?"

தேடிப் பார்த்ததில் கிடைத்தது இது. 66 என்பது கைக்கடிகாரத்தில் ‘ஆட்டோ பாஸ்’ போட்டு ஓடிய நேரம். தண்ணீர் குடிக்க நின்றதையும் ஷூ லேஸ் கட்டியதையும் கடிகாரம் கழித்துவிட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கணக்கிட்டால் 71. அப்படியானால் முன்னேற்றம் 75-க்கு 4, அதாவது 5.3 விழுக்காடு. அந்தப் பழைய 75-ம் மே மாதத்துக் காலையில் ஓடியது. வியர்வை காயாத அந்தப் புழுக்கத்தில் ஓடிய நேரத்தை டிசம்பரில் ஓடியதோடு ஒப்பிட்டால், குறைந்ததில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு வானிலையால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. இரண்டாமவரின் இரண்டு நேரங்களும் ஜனவரிப் பந்தயங்களில் சிப் (கோட்டைக் கடக்கும் நேரத்தைப் பதியும் சிறு மின்னணு வில்லை) வைத்து எடுத்தவை.

முதலாமவர் ஏமாற்றவில்லை. தன் கடிகாரம் காட்டியதைக் கேட்டபடி அனுப்பினார். "10 கிலோமீட்டர் நேரம் அனுப்பவும்" என்று மட்டும் கேட்ட நிர்வாகம்தான் எந்த நேரம், எங்கே, எந்த மாதம் என்று கேட்கவில்லை. கொடுத்த ஷீல்டைத் திருப்பிக் கேட்கலாமா என்று பேச்சு வந்தபோது வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டாமவருக்கும் ஒன்று செய்து கொடுத்து, தவறு கணக்கெடுத்தவர்களுடையது என்று குழுவில் எழுதினார்கள். சரியான முடிவு. மேடையில் கொடுத்ததைப் பறித்தால் அந்த ஆள் மறுபடி பீச் ரோடு பக்கம் வரமாட்டார்.

விழாவை எப்படி நடத்தினாலும் இந்தத் தகராறு வந்திருக்கும். குழுவிடம் பதிவேடு என்று ஒன்று இருக்கவே இல்லை. அதனால் சீரமைப்பு அங்கிருந்துதான் தொடங்கியது.

நோட்டு

நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் எட்டு விவரம்: தேதி, பெயர், இடம், தூரம், தொடக்கத்திலிருந்து முடிவு வரையான நேரம், நேரம் எடுத்த விதம், வானிலை பற்றி ஒரு சொல், நேரம் குறித்தவரின் கையெழுத்து. நேரம் எடுத்த விதத்துக்கு மூன்றே குறிகள். ‘சி’ என்றால் பந்தயச் சான்றிதழில் உள்ள சிப் நேரம். ‘ட’ என்றால் குழுவே நடத்தும் டைம் டிரையல், அதாவது அளந்த தூரத்தை நேரம் குறித்து ஓடும் ஓட்டம். ‘க’ என்றால் சொந்தக் கைக்கடிகாரம். ‘க’ வரிகளும் நோட்டில் இருக்கலாம், பரிசுக்கு எடுக்கப்படாது.

சிப் நேரம் என்று திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய பந்தயங்களின் சான்றிதழில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்டது, மற்றது, அதாவது சிப் நேரம், அவரவர் தொடக்கக் கோட்டை மிதித்ததிலிருந்து கணக்கிட்டது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவருக்கு இரண்டுக்கும் நடுவே பல நிமிடம் வரும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றி மாற்றி எடுத்தால் முன்னேறாதவர் முன்னேறியதாகவும், முன்னேறியவர் பின்வாங்கியதாகவும் ஆகிவிடும்.

நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டும். ஜெல் பேனா கூடவே கூடாது. நான்கு பேர் வியர்வைக் கையால் புரட்டினாலோ தூறல் விழுந்தாலோ அந்தப் பக்கம் முழுக்க நீலக் கறையாகிவிடும். எழுதிய பக்கத்தை அன்றைக்கே படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். பிழை இருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லலாம். அதன் பிறகு மாற்றம் இல்லை. ஜனவரியில் வந்து, போன மார்ச் மாதத்துக் கணக்கைக் கிளறும் வழக்கம் இந்த ஏழு நாள் விதியால் அடியோடு நிற்கும்.

தூரத்தை அளப்பது

டைம் டிரையலுக்கு அளந்த தூரம் வேண்டும். பழைய சாராய ஆலைப் பக்கத்திலிருந்து டூப்ளே சிலை வரை கடற்கரைச் சாலை ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். 10 கிலோமீட்டர் ஓடப் பல தடவை திரும்பியாக வேண்டும். ஒரு பக்கம் 1.25 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 2.5, நான்கு சுற்று, ஏழு திருப்பம். ஜிபிஎஸ் கடிகாரம் சில விநாடிக்கு ஒரு புள்ளி எடுத்துக் கோடு போடுவதால், திருப்பத்தில் முனையை வெட்டிவிடும். நேர்ச்சாலையில் கோடு இப்படியும் அப்படியும் ஆடி, ஓடாத தூரத்தைச் சேர்த்தும்விடும். ஒரே பாதையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடிய மூன்று பேரின் கடிகாரத்தில் மூன்று தூரம் வருவது இதனால்தான்.

பந்தயப் பாதையை அளக்க உலக அளவில் ஏற்ற முறை, அளவு சரிபார்த்த சைக்கிள். முன்சக்கரத்தில் அதற்கென்றே ஓர் எண்ணி பொருத்துவார்கள். அது கையில் இல்லாத குழு அதே தத்துவத்தை எளிமையாகச் செய்யலாம். முதலில் 30 மீட்டர் இரும்பு டேப்பைப் பத்துத் தடவை போட்டு, 300 மீட்டர் நேர்கோட்டைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். துணி டேப் இழுத்தால் நீளும், ஆகாது. அந்த 300 மீட்டரில் சைக்கிளை நான்கு தடவை ஓட்டி, முன்சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று வால்வை அடையாளமாக வைத்து எண்ணி, சராசரி எடுக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே காற்றழுத்தம். அளந்து முடித்தபின் அதே 300 மீட்டரில் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். வெயில் ஏறினால் டயர் சூடாகிச் சுற்றளவு மாறும், இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராது. ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், நடைபாதைக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும். கடைசியில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், கூடுதலாகச் சேர்க்க வேண்டும். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கும் உலகெங்கும் இதே விதிதான். பாதை கொஞ்சம் நீண்டால் யாருக்கும் நட்டமில்லை. குறைந்துபோனால் அன்றைக்கு ஓடிய அத்தனை பேரின் நேரமும் செல்லாது.

அளவு சரியாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் சுற்று எண்ணிக்கை. இருட்டில், மூச்சு வாங்க, மூன்று சுற்றோடு நிறுத்திவிட்டு நான்கு ஓடியதாக மனதார நம்புவார்கள். இதற்கு ரப்பர் பேண்டு போதும். டூப்ளே சிலைத் திருப்பத்தில் நிற்கும் தன்னார்வலர், திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் பேண்டு கொடுப்பார். முதல் சுற்றுக்குச் சிவப்பு, அடுத்தது பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் நீலம். முடிவுக் கோட்டில் மணிக்கட்டில் நான்கு நிறமும் இருந்தால்தான் நேரம் நோட்டில் ஏறும்.

டைம் டிரையல் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரிக் கடைசியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. ஜனவரியை ஜனவரியோடும் ஆகஸ்டை ஆகஸ்டோடும் மட்டுமே ஒப்பிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதை நினைத்தால், அந்த மாதங்களில் தேதி குறிக்காதது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

முன்னேற்றம், வயது

அடிப்படை நேரம் எது என்பதில் ஓர் ஓட்டை உண்டு. முதல் டிரையலை வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு, அடுத்ததில் முழு மூச்சாக ஓடினால் முன்னேற்றப் பரிசு சுலபம். கடந்த 12 மாதத்தில் ‘சி’ அல்லது ‘ட’ குறியிட்ட நேரங்களில் மிகச் சிறந்ததை அடிப்படையாக வைத்தால் இந்த வழி அடைபடும். அந்தச் சிறந்த நேரம் வேறு பருவத்தில் ஓடியதென்றால் அதை விட்டுவிட்டு, அதே பருவத்துச் சிறந்ததை எடுக்க வேண்டும். பிரசவம், அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு என்று ஆறு மாதத்துக்கு மேல் ஓடாதவருக்கு அடிப்படை புதிதாகத் தொடங்கும். குழந்தை பெற்று ஒன்பதாம் மாதம் ஓட வந்தவரைப் பழைய நேரத்தோடு ஒப்பிட்டுப் பின்தங்கியதாகப் பட்டியலில் காட்டுவது அநியாயம்.

ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்களும் ஆனவர்களும் தனித்தனிப் பட்டியல். புதியவருக்கு 9, 10 விழுக்காடு ஓராண்டில் வரும். பத்தாண்டாக ஓடுபவர் 42 நிமிடம் 10 விநாடியிலிருந்து 41 நிமிடம் 30 விநாடிக்கு வந்தால் அது 1.6 விழுக்காடுதான், ஆனால் அந்த 40 விநாடிக்குப் பின்னால் ஒரு பருவம் முழுக்கச் செய்த வேகப் பயிற்சி இருக்கும்.

வேகப் பரிசு வயதில் இளையவர்களுக்கே போய்ச் சேருவதற்கு மாற்று, வயதுக்கேற்ற தரக்கணக்கு. மூத்தோர் தடகளத்துக்கான உலக அமைப்பின் பெயரில் இதற்கு அட்டவணைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் தனித்தனியாக, ஒவ்வொரு தூரத்துக்கும் ஓர் உச்ச அளவு நேரம் தரப்பட்டிருக்கும். அதை ஓடிய நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு. 58 வயது அம்மா ஒருவர் 64 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் முடிக்கிறார். அவர் வயதுக்கான அளவு நேரம் 38 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் 59.4 விழுக்காடு. 27 வயது இளைஞர் ஒருவர் 46 நிமிடத்தில் முடிக்கிறார். அவருக்கான அளவு 26 அரை நிமிடம் என்றால் 57.6. பதினெட்டு நிமிடம் பின்னால் வந்த அம்மா முன்னால் நிற்கிறார். அட்டவணையை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், எந்தப் பதிப்பைப் பார்த்தார்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஆண்டு நடுவில் மாற்றாமல் இருக்க வேண்டும். வயதை மைக்கில் வாசிப்பது எல்லோருக்கும் பிடிக்காது, விழுக்காட்டை மட்டும் சொன்னால் போதும்.

வந்ததற்கும் நின்றதற்கும்

ஓட்ட உலகில் வேகத்தைப் பாராமல் தொடர்ந்து வருவதைக் கொண்டாடும் மரபு பழையது. 1921-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பத்து முறை முடித்தவருக்குப் பச்சை எண் கிடைக்கும், அந்த எண் அவருக்கே நிரந்தரம். 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் பிறந்த வாராந்தர இலவச ஓட்டமான பார்க்ரன் 25, 50, 100 என்று ஓட்டங்களை எண்ணி டி-ஷர்ட் அணியும் உரிமை தருகிறது. தன்னார்வலராக நின்ற நாட்களுக்கும் அப்படியே. நமக்குப் பக்கத்திலேயே, 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் பரிசு, முதலிடம் என்ற பேச்சே இல்லாமல் செம்மண் பாதையில் ஆயிரக்கணக்கானவர்களை ஓடவைத்திருக்கிறது. குழு தன் நோட்டில் அதை நேரமாக எழுதாது, ‘முடித்தார்’ என்று மட்டும் எழுதும். அந்த ஓட்டத்துக்கு அதுதான் மரியாதை.

வருகைப் பரிசில் ஓர் ஆபத்து உண்டு. ‘இடைவிடாமல் இத்தனை வாரம்’ என்று வைத்தால், காய்ச்சலோடும் முழங்கால் வலியோடும் ஓட வருவார்கள். சங்கிலி அறுந்துவிடக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான். டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலோடு ஒருவரை ஓட வரவழைக்கும் பரிசு இருக்கவே கூடாது. ஆகவே 52 ஞாயிறில் 40 என்று எண்ணிக்கை வைத்தார்கள், எந்த 40 ஆனாலும் சரி. மழை எச்சரிக்கையால் குழுவே ரத்து செய்த நாள் எல்லோருக்கும் வருகையாகச் சேரும். இரவுப் பணிச் செவிலியர் புதன்கிழமை ஓட்டத்துக்கு வந்தாலும் அந்த வாரக் கணக்கு அவருக்கு உண்டு. வலியோடு ஓடி முடித்ததை மைக்கில் புகழக்கூடாது என்பதும் எழுதிவைத்த விதி. உடம்பு சரியில்லை என்று பாதியில் நின்றவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியதும் உண்டு.

தன்னார்வலராக நின்ற நாட்களுக்கான கணக்கு 5, 15, 30. தண்ணீர் கேனை டிக்கியில் ஏற்றி 4.45-க்கே வந்து நிற்பவர், ஓ.ஆர்.எஸ். கரைப்பவர், கடைசி ஆளோடு கூடவே ஓடிவருபவர், ரப்பர் பேண்டு கொடுப்பவர் எல்லோரும் இதில் வருவார்கள். முன்பு இவர்களை ‘ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி’ என்ற ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 60 பேர் குழுவில் பன்னிரண்டு பேர் சுமக்கும் வேலை அந்த ஒரு வரிக்குள் போய்விடும்.

மேடையில் வாசிப்பது

மண்டபம் வேண்டாம் என்றார்கள். ஜனவரிக் கடைசி ஞாயிறு டிரையல் முடிந்ததும் காந்தி சிலையருகே நின்றபடியே, 7.30-க்கு முன்னால். ஒரு ஆளுக்கு இரண்டே வாக்கியம், முன்கூட்டியே எழுதி, அவரிடமே காட்டி ஒப்புதல் வாங்கியது. ‘கடின உழைப்பாளி, நம் குழுவின் பெருமை’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது யாருக்கும் பொருந்தும். என்ன செய்தார், எதிலிருந்து எதற்கு வந்தார், எப்போது என்பது இருக்க வேண்டும்:

"போன ஜனவரி டிரையலில் இரண்டாம் சுற்றோடு நின்றவர், இந்த ஜனவரியில் நான்கு சுற்றையும் 78 நிமிடத்தில் முடித்திருக்கிறார். இடையில் 43 ஞாயிறு வந்திருக்கிறார், அதில் ஆறு நாள் டூப்ளே சிலைத் திருப்பத்தில் நமக்காக நின்றார்."

இதைக் கேட்கும் மற்றவருக்கு அந்த ஆறு நாளும் நினைவுக்கு வரும். முதலியார்பேட்டைப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இப்படி ஒன்று வாசித்தால், அவர் வகுப்பிலும் போய்ச் சொல்லக்கூடிய செய்தி அது. பெயரை எப்படி உச்சரிப்பது, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று கேட்டு எழுதிக்கொள்வது கட்டாயம். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய குடும்பங்கள் உள்ள ஊர் இது, மைக்கில் பெயர் சிதைந்தால் பாராட்டில் பாதி போய்விடும். 18 வயது நிறையாதவர் படத்தைப் பொதுவில் போடப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். தினமும் ஓடும் பாதையும் நேரமும் தெரியும்படி பெண்களின் கடிகார வரைபடத்தைப் பகிரவே கூடாது.

பொருளைப் பற்றி: முலாம் பூசிய இரும்பு ஷீல்டு கடற்காற்றில் உப்பேறிச் சீக்கிரமே துருப்பிடிக்கும். அதற்குப் பதில் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் கைவினையில் உள்ளங்கை அளவு பலகை. ஜனவரிக்கு வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். மழை தொடங்கினால் பச்சை மண் காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். பத்துக்கு ஒன்று கூடுதலாகச் செய்யச் சொல்வது நல்லது, பைக்கில் கொண்டுவரும்போது முனை உடையும். சான்றிதழுக்கு ஊரில் கிடைக்கும், கையால் செய்த தாள். அதை லேசர் பிரின்டரில் விட்டால் சிக்கிக்கொள்ளும், இங்க்ஜெட் மை ஊறிப் பரவும். ஓரச் சட்டத்தையும் குழுப் பெயரையும் ஸ்கிரீன் பிரின்டில் போட்டு, மேற்படி இரண்டு வாக்கியத்தையும் கையெழுத்து அழகான உறுப்பினர் ஒருவர் எழுதுவதுதான் வழி.

இன்னும் தீராதது

அதே 60 பேர் நோட்டில் பழைய நான்கு பரிசு விதியைப் போட்டால் நான்கு பேருக்கு மேல் வராது. புதிய விதியில் முன்னேற்றம், வயதுத் தரம், வருகை, சேவை எல்லாம் சேர்த்து முப்பதுக்கு மேல் பெயர் வரும். இந்த அளவே மேல் எல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று என்று இறங்கினால் வாசிக்கும் இரண்டு வாக்கியத்தில் சரக்கு இருக்காது, கேட்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். வேகப் பரிசையும் எடுக்கவில்லை. முதலில் வந்தவர் முதலில் வந்தவர்தான்.

கடலூர் ஆட்களின் கணக்கு மட்டும் இன்னும் இழுபறி. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர்கள் சில்வர் பீச்சிலேயே ஓடுகிறார்கள், விடியுமுன் இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டி வருவது எப்போதும் நடக்காது. அங்கேயும் ஒரு நோட்டு, அதே எட்டு விவரம், அதே குறிகள். மாதக் கடைசி ஞாயிறு இரவு 9 மணிக்குள் பக்கங்கள் படமாக வந்துசேர வேண்டும். வரும்வரை அவர்களுடைய வருகை பெரிய நோட்டில் பென்சிலில் இருக்கும், வந்தபின் அதன் மேலேயே பேனாவால் எழுதி, கடலூரில் நேரம் குறித்தவர் அடுத்த முறை புதுச்சேரி வரும்போது பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்.